மில் எஞ்சினும் மூணாம் நம்பரும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எந்த வழியில் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் சர்க்கரை, அடுத்து மூட்டுவலி, அதற்கப்புறம் ஃபோன் எடுக்காத மருமகள். இவற்றுக்கெல்லாம் என்னிடமும் சரக்கு உண்டு. ஆனால் இன்றைக்கு அதைத் தொடப்போவதில்லை. எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, மாசியில் கும்பப்பூப் போகத்து நெல் அறுத்து முடித்ததிலிருந்து வைகாசி மழை பிடிப்பது வரைக்கும், ஒரு பட்டாளத்து டிரம் என்னைப் படுத்திய பாடு உண்டு. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நடுவில் யாராவது தூங்கினால் தட்டி எழுப்புவேன். தட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

எங்கள் ஊர் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நடுவில் இருந்தது. ஊரில் ஒரு வாசகசாலை. ஓட்டுக் கட்டடம், இரண்டு அலமாரிப் புத்தகம், ஒரு நீள மேசை, மேசைமேல் அன்றைய பத்திரிகைகள். அதற்குச் செயலாளர் என் அம்மாவின் அண்ணன், மாமா. எங்கள் குடும்பங்களில் அந்தக் காலத்தில் அப்பா சொல்லைவிட மாமா சொல்லுக்குக் கனம் அதிகம். மருமக்கள்வழிச் சட்டமெல்லாம் மாறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மாறிய சட்டம் எங்கள் வீட்டு நடை ஏறி உள்ளே வந்துசேர நாள் பிடித்தது. அப்பா சாதுவான மனுஷர், வயலுண்டு தான் உண்டு என்று இருப்பார். ஆகவே என் விஷயத்தில் மாமா வைத்ததுதான் தீர்ப்பு.

வாசகசாலைக்கு வலப்பக்கம், ஒரே சுவரை ஒட்டி, அரவை மில். அறுப்புக் காலம் வந்துவிட்டால் காலை ஆறு மணிக்கு எஞ்சினை முடுக்கி, பொழுது சாயும்வரை ஓட்டுவார்கள். டக் டக் டக் டக் என்று ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியூர்க்காரர்கள் காதைப் பொத்துவார்கள். எங்களுக்கு அப்படி ஒரு சத்தம் இருப்பதே தெரியாது. அவித்த நெல்லின் வாசனை மட்டும் தெரியும், அது எங்கள் தலைமுடியில்கூட இருந்தது.

அந்த வருஷம் மாமாவுக்கு ஒரு ஆசை வந்தது. தமிழ்நாட்டோடு சேர்வதா, திருவிதாங்கூரோடேயே இருப்பதா என்று பெரியவர்கள் சாயாக்கடைகளில் கட்சி கட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியக் குழு வேண்டும் என்றார் மாமா. ‘இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று பெயரும் வைத்துவிட்டார். ஊர்க்காரர்கள் அதைப் பிள்ளைகள் பேண்டு என்றுதான் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் டிரில் எடுக்கும் சார்தான் எங்களுக்குத் தலைவர். இளவயதில் ஏதோ ஒரு பேண்டில் கொஞ்சநாள் வாசித்திருந்தார். மெட்டுகளை அவரே போட்டார். மெட்டுகளுக்குப் பெயர் வைக்கவில்லை, முதல் நம்பர், ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர் என்றுதான் சொல்வார். பெயர் வைத்தால் அது தமிழா மலையாளமா என்று அதற்கும் ஒரு சண்டை வரும் என்பது அவர் கணக்கு.

நாங்கள் பதினொரு பேர். ஒரு ஆர்மோனியம், இரண்டு வயலின், நாலு புல்லாங்குழல், ஒரு புல்புல்தாரா, ஒரு ஜால்ரா, ஒரு கிளாரினெட், ஒரு டிரம். கிளாரினெட் மாமா மகனுக்கு. எனக்கு அத்தான், என்னைவிட மூன்று வயது மூத்தவன், பேச்சு குறைவு. டிரம் திருவிதாங்கூர்ப் பட்டாளம் கலைந்தபோது விற்ற பழைய சாமான்களில் ஒன்று. மாமா திருவனந்தபுரத்திலிருந்து பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வந்தார். அதன் பக்கத்தில் மகாராஜாவின் சங்கு முத்திரை வரைந்திருந்தது. யாரோ சுரண்டிப் பார்த்துப் பாதியில் விட்டிருந்தார்கள். மழைநாளில் அதன் தோலுக்கு அருகில் மூக்கை வைத்தால் குதிரை லாயத்தின் வாசனை அடிக்கும். குதிரை லாயத்தை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அதுதான் என்று எனக்கு உறுதி.

டிரம்மை யாரும் கேட்கவில்லை. பயல்களுக்குப் புல்லாங்குழல்தான் வேண்டும், இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்கலாமே. நான் கேட்டேன். மாமா சிரித்தார். டிரம்முக்குப் பின்னால் நின்றால் உன் தலையே தெரியாதே என்றார். அப்படியானால் படுக்கப்போட்டு அடிக்கிறேன் என்றேன். சாருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. முக்காலி ஒன்றின்மேல் டிரம்மைக் கிடத்தி, துணி சுற்றிய கோலை என் கையில் கொடுத்தார். மாமா அம்மாவிடம் ஒரு நிபந்தனை சொல்லிவிட்டுப் போனார். இந்த ஒரு வருஷம் மட்டும். பிள்ளை நாளைக்கே பெரியவளாகிவிடுவாள், பிறகு மேடையேறிக் கொட்டடித்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றும் சேர்த்துக்கொண்டார். மாமா ‘பார்ப்போம்’ என்றால் இல்லை என்று பொருள் என்பது வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

நான் கவலைப்படவில்லை. நன்றாக அடித்தால் மாமா எப்படி மறுப்பார் என்பது என் எண்ணம். அந்த வயதில் எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் கூடுதல். இப்போதும் குறைந்துவிடவில்லை.

பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் அந்த வருஷத்துத் திட்டத்தை மாமா நீல மையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். நாலு நிகழ்ச்சி. ஒன்று, எங்கள் வாசகசாலை ஆண்டுவிழா. இரண்டு, கருங்கலில் ஒரு பள்ளிக்கூட விழா. மூன்று, திற்பரப்பு அருவிக்கரையில் ஒரு விழா. நாலு, களியக்காவிளையில் வியாபாரிகள் நடத்தும் விழா. களியக்காவிளைக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அங்கே திருவனந்தபுரத்துக்காரர்களும் வருவார்கள், நம் பிள்ளைகளைப் பார்த்து அவர்கள் சிரித்துவிடக்கூடாது என்பது அந்த இரண்டு கோட்டின் அர்த்தம். அந்தத் தாளை நான் தினமும் படித்தேன். பாடப்புத்தகத்தை அப்படிப் படித்திருந்தால் என் கதையே வேறு.

ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் நாலு மணிக்குப் பயிற்சி. சார் கையில் ஒரு பிரம்பு இருக்கும், அதை வீசித் தாளம் காட்டுவார். மூணாம் நம்பர்தான் எங்கள் பெரிய உருப்படி, ஆறு நிமிஷம் ஓடும். முதலில் வயலின்கள் தனியாக, பிறகு குழல்கள், பிறகு எல்லோரும். நான் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அடிக்க வேண்டும். ஒரு மாதத்தில் கோல் என் கையோடு ஒட்டிக்கொண்டது. ஒரு இடத்தில்கூடத் தவறமாட்டேன். சார் என்னைத் தாளக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் ஒரு அங்குலம் வளர்ந்தேன்.

ஆண்டுவிழா ஒரு சாயங்காலம் நடந்தது. நீலத் துணியில் எல்லோருக்கும் உடுப்பு. துணி பற்றாமல் போய் அத்தானின் கால்சட்டையில் மட்டும் ஒரு கால் வேறு நீலம். அறுத்த நெல் குவிந்து கிடந்த சமயம் என்பதால் மில்லை நிறுத்த முதலாளி சம்மதிக்கவில்லை. மாமா மேடையேறி, பக்கத்து மில் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று சபையாரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு நாங்கள் வாசித்தோம். மூணாம் நம்பர் முடிந்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நாகர்கோவிலிலிருந்து தலைமை தாங்க வந்த பெரியவர், இந்தச் சிறுமியின் தாளம் இல்லாவிட்டால் இந்தக் குழு இல்லை என்று என்னைச் சுட்டிக்காட்டிப் பேசினார். அன்றிரவு அம்மா எனக்கு மட்டும் இரண்டு முந்திரிக்கொத்து கூடுதலாக வைத்தாள். நான் மூக்கை வானத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தேன்.

அடுத்தது கருங்கல். மில் லாரியில் போனோம். நெல் ஏற்றுகிற லாரி, உமித் தூசி உடுப்புக்குள் புகுந்து போகிற வழியெல்லாம் அரிப்பு. சந்தை வழியாகப் போகும்போது கருப்பட்டியும் கருவாடும் பழுத்த ஏத்தன்பழமும் சேர்ந்த ஒரு வாசனை வந்தது. இன்றைக்கு அந்த மூன்றையும் ஒரு கூடையில் போட்டுக் கொடுத்தாலும் அந்த வாசனை வராது. பள்ளிக்கூட மைதானத்தில் எங்களுக்கு ஒரு புதிய பொறுப்பு காத்திருந்தது. மூணாம் நம்பருக்கு அந்தப் பள்ளியின் சின்னப் பெண்கள் கோலாட்டம் ஆடுவார்கள். எங்கள் சாரும் அவர்களுடைய டீச்சரும் முன்பே கடிதத்தில் பேசி வைத்திருந்தார்களாம்.

வயலின்கள் ஆரம்பித்தன. பெண்கள் வட்டமாக ஆடினார்கள். குழல்கள் சேரும்போது கொஞ்சம் விறுவிறுப்பு வந்தது, நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் வந்தது. சாரின் பிரம்பு வேகமாக ஆடியது. பிரம்பைப் பார்த்து நாங்கள் ஓடினோமா, எங்களைப் பார்த்துப் பிரம்பு ஓடியதா என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. என் கை என் பேச்சைக் கேட்காமல் பறந்தது. பாவம், அந்தக் குழந்தைகள் கோலைத் தட்டுவதா காலை மாற்றுவதா என்று புரியாமல் ஒருத்தி மேல் ஒருத்தி மோதினார்கள். ஒருத்தி விரலில் அடி வாங்கி அழுதாள். ஆறு நிமிஷப் பாட்டை நாலு நிமிஷத்துக்குள் முடித்து வைத்தோம். மைதானம் முழுக்கச் சிரிப்பு. ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறார்கள்போல என்று ஒருவர் உரக்கச் சொன்னார்.

மறுநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, வெற்றிலையைக்கூடத் தொடாமல், தீர்ப்புச் சொன்னார். தாளம்தான் ஓடியது. தாளம் யார் கையில் இருந்தது?

நான் முன்னால் வந்து, “நான் ஓடல்ல மாமா” என்றேன்.

“பின்ன ஆரு ஓடினா? டிரம்மா எழும்பி ஓடிச்சு? கூட்டத்தப் பாத்ததும் உனக்குப் படபடப்பு வந்திருக்கு. பொம்பளைப் பிள்ளைக்கு அப்படித்தான் வரும். அது உன் குத்தமில்ல மக்கா.”

குற்றம் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ‘அப்படித்தான் வரும்’ என்பதைத்தான் தாங்க முடியவில்லை. டிரம் அத்தானுக்குப் போயிற்று. கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். நான் மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் போய் ஆசைதீர அழுதேன். ஒரு வருஷம் என்று கொடுத்ததில் ஒன்றரை மாதம்கூட எனக்கு மிஞ்சவில்லை. இதோடு போனால் பிறகு ஆயுசுக்கும் கிடைக்காது என்று அந்த வயதிலேயே தெளிவாகத் தெரிந்தது.

திற்பரப்புக்கும் நான் போனேன், வாசிக்க அல்ல. அம்மாவுக்கு அருவியில் குளிக்க ஆசை. குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, வாத்தியக்காரர்களின் செருப்புகளுக்குக் காவலாக ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். அத்தான் டிரம்முக்குப் பின்னால் நின்றான். மூணாம் நம்பர் தொடங்கியது. கால்வாசியில் ஓட்டம் பிடித்தது, பாதியில் பறந்தது. கருங்கலைவிட வேகம். எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைப்பானேன்? பாறைமேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இப்போதாவது மாமா ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மாமா நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். அருவி இரைச்சலில் பயலுக்குத் தாளம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் அடித்தால் படபடப்பு. அத்தான் அடித்தால் அருவி. பெரியவர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று எனக்கு முதன்முதலாக விளங்கிய இடம் திற்பரப்பு.

திரும்பும்போது லாரியில் அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “ஏட்டி, நான் உன்னவிட வேகமால்லா ஓடினேன்” என்றான். ஏன் ஓடினாய் என்று கேட்டேன். “அங்க என்னமோ இல்லாத மாதிரி இருந்திச்சு” என்றான்.

சித்திரை முடியும்போது ஊரில் அரைக்கக் கொடுக்கிற நெல் குறைந்துவிட்டது. மில் முன்போல் பொழுது சாயும்வரை ஓடவில்லை, நாலரை மணிக்கே நிறுத்திவிடுவார்கள். பயிற்சிக்கு நான் போக வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் தினமும் போய் வாசகசாலைச் சன்னலில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பதுபோல் பாவனை செய்தேன். அப்படி ஒரு நாள் மூணாம் நம்பர் நடந்துகொண்டிருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது, திடீரென்று பக்கத்தில் மில் நின்றது. பத்து எண்ணுவதற்குள் குழல்கள் ஓட ஆரம்பித்தன. சார் பிரம்பால் மேசையைத் தட்டி நிறுத்தி, கவனம் போதாது என்று திட்டினார். மறுநாள் சார் வரத் தாமதம், மில் நின்ற பிறகுதான் பயிற்சியே தொடங்கியது. முதல் நம்பரே ஓடியது.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இத்தனை நாள் எங்களுக்குத் தாளம் போட்டது அந்த எஞ்சின். பதினொரு பேரும், பிரம்பு பிடித்த சாரும், எல்லோரும் அதன் டக் டக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தோம், ஒருத்தருக்கும் தெரியாமல். ஆண்டுவிழாவில் மாமா மன்னிப்புக் கேட்டது எதற்காகவோ, அதுதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

முதலில் வந்தது வெற்றிக் களிப்பு. நான் ஓடவில்லை! அடுத்தது கொஞ்சம் மெதுவாக வந்தது. அப்படியானால் நான் தாளக்காரியும் இல்லை. தலைமை தாங்கிய பெரியவர் என்னைக் காட்டிச் சொன்னதெல்லாம் ஒரு எண்ணெய் எஞ்சினுக்குச் சேரவேண்டியது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். சொன்னால் என் பழியும் போகும், என் பெருமையும் போகும்.

சொல்வதென்று முடிவு செய்தேன். வெறும் வாயால் சொன்னால் மாமா கேட்கமாட்டார். மில் எஞ்சினை ஓட்டும் டிரைவரிடம் போனேன். காக்கிச் சட்டை முழுக்க எண்ணெயோடு எப்போதும் பீடி பிடிப்பவர். நான் சன்னலிலிருந்து துண்டை ஆட்டினால் எஞ்சினை நிறுத்தமுடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மொதலாளி கேட்டா எஞ்சினுக்குத் தண்ணி மாத்தினேன்னு சொல்லிக்கிடுகேன். நீ ஆட்டு பிள்ளே” என்றார். இத்தனை வயதில் நான் பார்த்த பெரியவர்களில், குழந்தை கேட்டதைக் கேட்டபடி செய்த மனுஷர் அவர் ஒருவர்தான்.

மாமா மேசையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரு நாளாகப் பார்த்து ஆட்டினேன். மூணாம் நம்பர் நடுவில் எஞ்சின் நின்றது. குழுவும் அப்படியே பிய்த்துக்கொண்டு ஓடியது. நான் மறுபடி துண்டை ஆட்டிவிட்டு, சன்னலிலிருந்து உள்ளே குதித்தேன். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. சாரிடம், இப்போது வாசியுங்கள் என்றேன். வாசித்தார்கள். சீராகப் போயிற்று.

சார் பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மாமாவுக்குச் சார்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு மாமா தெளிந்த முகத்தோடு, “அதுக்கென்ன, களியக்காவிளைக்கு ஒரு எஞ்சின கொண்டுபோயிருவோம்” என்றார்.

சிரிக்காதீர்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாளே மில் லாரியை வாசகசாலைக்குப் பின்புறம் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு எங்களை வாசிக்கச் சொன்னார். லாரி சில சமயம் உறுமியது, சில சமயம் விக்கியது. குழுவும் கூடவே உறுமி விக்கியது. ஆர்மோனியக்காரன் புகையில் இருமி ஓய்ந்தான். அரை மணி நேரத்தில் மாமா அந்த யோசனையைக் கைவிட்டார்.

அப்போது நான் போய் டிரம்மைக் கேட்டேன். எஞ்சின் இல்லாமல் உன்னால் முடியுமா என்றார் மாமா. முடியும் என்றேன். முடியுமா என்று எனக்குத் தெரியாது. அத்தான் அடிக்கட்டும் என்று மாமா மறுபடி ஆரம்பித்ததும், அத்தான் எழுந்து நின்று தன் அப்பாவிடம், தனக்குக் கிளாரினெட் போதும், டிரம் வேண்டவே வேண்டாம் என்றான். மாமாவை எதிர்த்து அவன் பேசி நான் கேட்டது அது முதல் தடவை. மாமா என் பக்கம் திரும்பினார்.

“சரி. களியக்காவிளையிலயும் ஓடினா, இந்த வீட்டுல பாட்டுக்கூத்துப் பேச்சே ஆரும் எடுக்கப்பிடாது. கேட்டியா?”

கேட்டேன். களியக்காவிளைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

கடிகாரத்தைப் பார்த்து அடித்துப் பழகினேன், சரிப்படவில்லை. கண் கடிகாரத்தில் இருந்தால் கை தூங்கியது. மனதுக்குள் எண்ணினேன், எண்ணிக்கையும் ஓடியது. ஒருநாள் வீட்டு முற்றத்தில் அம்மாவும் மாமியும் அரிசி இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே உரல், இரண்டு உலக்கை, மாறி மாறி விழும். மாமி களைத்து உட்கார, அவள் உலக்கையை நான் வாங்கினேன். அம்மா யார் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்பில்லை என்று பேசிக்கொண்டே இடித்தாள். கோபமாகப் பேசினாள், சிரித்தாள், கோழியை விரட்டினாள். உலக்கை மட்டும் வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. நான்தான் அவசரப்பட்டு அவள் உலக்கையில் முட்டினேன். இரண்டு மூன்று தடவை முட்டிய பிறகு கவனித்தேன். அம்மா உலக்கையைத் தூக்கத்தான் செய்தாள், குத்தவில்லை. அது தன் கனத்தில் தானாக விழும்வரை விட்டாள். நானோ விழுவதற்கு முன்பே தள்ளினேன்.

டிரம் படுத்துக்கிடந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. கோலைத் தூக்கினேன், விட்டேன். அது தன் பாட்டில் விழட்டும் என்று பொறுத்தேன். பொறுப்பதுதான் கடினம். கை பறக்கத் துடிக்கும், விடக்கூடாது. சாரிடம் சொல்லி, பயிற்சியை மில் சத்தம் எட்டாத கால்வாய்க் கரைக்கு மாற்ற வைத்தேன். முதல் இரண்டு நாள் எல்லோரும் என்னை விட்டுவிட்டு ஓடினார்கள். நான் பின்னாலேயே போகவில்லை. மூன்றாம் நாள் சார் ஒரு சட்டம் போட்டார். யார் எங்கே ஓடினாலும் சரி, அவரே ஓடினாலும் சரி, டிரம் யாரையும் துரத்தாது.

களியக்காவிளையில் மேடை கடைவீதி நடுவில். சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரம், இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு உஸ்ஸென்று இரைந்தது. தமிழும் மலையாளமுமாக ஒரே கூட்டம். மாமா தோளில் சரிகை நேரியல் துண்டு போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் நம்பரும் ரெண்டாம் நம்பரும் தொந்தரவில்லாமல் போயின. மூணாம் நம்பரில் குழல்கள் சேர்ந்ததும் கூட்டத்தில் யாரோ உற்சாகமாகக் கைதட்ட ஆரம்பித்தார்கள். கை தட்டத் தட்டக் குழல்கள் கிளம்பின. பின்னால் வயலின்கள். பிறகு புல்புல்தாரா, ஜால்ரா. சாரின் பிரம்பும் போய்விட்டது.

நான் போகவில்லை. கோலைத் தூக்கினேன், விட்டேன். ஒரு பக்கம் பத்துப் பேர், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. கேட்பவர்களுக்கு நான்தான் தப்பு என்றுதான் தோன்றியிருக்கும். முதல் வரிசையில் மாமா எழுந்து நின்று நேரியலைச் சுழற்றி, வேகம், வேகம் என்று சைகை காட்டினார். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. இந்த அடி பிசகினால் இனி ஆயுசுக்கும் இல்லை என்று தெரியும். மாமா சொன்னபடி ஓடிவிட்டால் பழி வராது என்றும் தெரியும். தூக்கினேன், விட்டேன். மாமாவைப் பார்க்காமல் டிரம்மின் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கிளாரினெட் திரும்பி வந்தது. அத்தான் ஒரு நீள ஸ்வரத்தைப் பிடித்து நின்று, என் அடி விழக் காத்திருந்து, அதில் இறங்கினான். அடுத்து ஒரு வயலின் வந்தது, மற்றதும் வந்தது. குழல்கள் கொஞ்சம் தடுமாறி, ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. சாரின் பிரம்பு கடைசியாக வந்தது. பிறகு முடியும்வரை ஒரு சறுக்கல் இல்லை. பாட்டே அப்படித்தான் போட்டிருக்கிறது, நடுவில் பிரிந்து பிறகு கூடுகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, கூட்டம் எழுந்து நின்று தட்டியது. திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் மேடைக்கே வந்து சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

லாரியில் ஏறும்போது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் கோபமில்லை, சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு கண்டிப்பு காட்டுகிற முகம்.

“நடுவுல கொஞ்சம் பின்னுக்குப் போயிட்டே. ஆனா விடாமப் பிடிச்சு அவங்களோட சேந்துட்டே பாரு, அது கொள்ளாம், நல்லா இருந்திச்சு. அடுத்த வருசமும் நீயே அடி. ஒண்ணு மட்டும் சொல்லுகேன் மக்கா, எல்லாரும் போற வேகத்துக்கு நீயும் போவணும்.”

பின்னாலிருந்து அத்தான் எதையோ சொல்ல வாயெடுத்தான். நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன்.

“சரி மாமா” என்றேன்.

மேலும் மூன்று வருஷம் அந்த டிரம் என்னிடம் இருந்தது. மாமாவுக்கு அன்று கொடுத்த வாக்கை மட்டும் நான் இன்றுவரை காப்பாற்றவில்லை.